பத்து இஞ்ச் உருண்டைகள்

பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கும் ஒன்று இருந்தது. ரேஷன் அட்டையில் அது பத்திரமாகக் கிடந்தது. தெருவில் அவள் டேப்பக்கா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. தங்கை குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது குடும்பமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் தலைவாரிப் பவுடர் பூசி நிற்கிறார்கள், நடுவில் இவள் கழுத்தில் டேப்போடு நிற்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டி, "எங்க அண்ணி மாலை போட்டிருக்காங்க பாருங்க" என்று சொல்வதில் அவள் நாத்தனாருக்கு ஒரு குஷி.

டேப்பக்கா மூன்று பெண்களில் நடுப்பெண். மூத்தவளுக்குப் புதுத்துணி கிடைக்கும், கடைசிப் பெண்ணுக்குச் செல்லம் கிடைக்கும். நடுவில் பிறந்தவளுக்கு மூத்தவள் போட்டுக் கழித்த சட்டைதான். மூத்தவளோ உருட்டுக்கட்டை, இவள் ஊதினால் பறக்கிற ஒல்லி. அந்தச் சட்டைகளை வெட்டிச் சுருக்கித் தன் உடம்புக்குக் கொண்டுவந்து வந்துதான் அவளுக்குக் கத்தரி பிடிக்கவே வந்தது. பதினாலு வயதில் துணிக்கடைக்குப் பின்னால் இருந்த தையல் அறைக்குப் போனாள். இருபத்தாறு வருஷம் அதே அறை, அதே ஜன்னலோர மெஷின். பள்ளிக்கூட யூனிஃபார்ம், நர்ஸ் கவுன், டிரைவர் சட்டை எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும்.

இத்தனை வருஷம் ஆட்களை அளந்தவள் எதையுமே சுற்றித்தான் அளப்பாள். மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, மணிக்கட்டு ஆறரை. பூசணிக்காய் வாங்கினால் டேப்பைச் சுற்றிப் பார்ப்பாள். ஒரு தடவை பெரிய பாத்திரத்துக்கு மூடி வாங்க ஆள் அனுப்பினாள். விளிம்பைச் சுற்றி அளந்து, "நாப்பத்தி நாலு இஞ்ச் மூடி" என்று சொல்லி விட்டாள். நாற்பத்து நாலு இஞ்ச் மூடி என்றால் அது கிணற்றுக்குத்தான் ஆகும். பாத்திரக்கடைக்காரர் விவரமானவர். மனசுக்குள் சிரித்துக்கொண்டு பதினாலு இஞ்ச் மூடியைக் கொடுத்து அனுப்பினார். அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பொருந்தாமல் போயிருந்தால் அன்றைக்கே ஒரு புத்தி வந்திருக்கும். பொருந்தித் தொலைத்ததால் வரவில்லை.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருக்கு நேர்மாறான பழக்கம். போல்ட்டோ பேரிங்கோ, எதுவானாலும் காலிபரை வைத்துக் குறுக்கே அளப்பதுதான் அவருக்குத் தெரியும். இருபது வருஷமாக ஒரே வீட்டில் ஒருத்தி சுற்றியும் ஒருத்தர் குறுக்கேயும் அளந்துகொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே குடும்பம் நடத்தினார்கள்.

முன் அறையில் மெக்கானிக்கின் தங்கை இருந்தாள். பஸ் கண்டக்டர். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்த்தான், வருஷத்துக்கு ஒரு மாதம்தான் வீட்டில் தலைகாட்டுவான். மற்ற பதினோரு மாதமும் அவனிடம் பேச வேண்டியதை எல்லாம் கண்டக்டர் அண்ணியிடம் பேசித் தீர்த்துக்கொள்வாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அப்படியில்லை, ஆனால் அதைக் கண்டுபிடிக்க நாளாகும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது டேப்பக்காவின் வலது கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துபோனது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அப்புறம் கத்தரி பிடித்தால் முழங்கை வரை சுரீர் என்று இழுத்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, ஊசி, கத்தரி இரண்டையும் மறந்துவிடும்படி சொன்னார். தையல் அறையில் நல்ல மாதிரியாகத்தான் அனுப்பிவைத்தார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் அவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாப்பிடும்போது தவிர மற்ற நேரமெல்லாம் மடியில் கிடந்தது. ஒரு வருஷம் அப்படி. யார் கேட்டாலும், கை சரியானதும் மெஷினில் உட்காருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் அதற்கு ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். வீட்டில் மூடிக் கிடந்த மெஷினுக்கு மாதம் ஒரு தரம் எண்ணெய் மட்டும் போட்டு வைப்பார்.

அந்த நாளில் கண்டக்டர் ஒரு சாமானைக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் யாரோ சீட்டில் விட்டுவிட்டுப் போனது. மூன்று மாதம் டிப்போவில் வைத்திருந்தும் தேடி ஒருவரும் வரவில்லை. ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஓர் உருண்டை, அதன் மேல் முழுக்கத் துணி. துணி என்றால் சும்மா சுற்றியதல்ல. சின்னச் சின்ன முக்கோணமாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பூ விரிந்த மாதிரி செய்திருந்தது. நடு இடுப்பில் ஒரு ரிப்பன். உச்சியில் தொங்கவிட ஒரு வளையம்.

"இதுல தையலே இல்ல அண்ணி. நீங்க கண்டுபிடிங்க பாப்போம், எப்படி நிக்குதுன்னு."

டேப்பக்கா அதை இரண்டு நாள் மடியில் வைத்துப் பிரித்தாள். எல்லாம் குண்டூசி. உள்ளே ஒரு வெள்ளை நுரை உருண்டை, அதில் குத்திக் குத்தியே அத்தனை துணியும் நின்றிருந்தது. மறுபடி அதே மடிப்பில், அதே வரிசையில் குத்திப் பார்த்தாள். பிறகு தன் வெட்டுத்துண்டு மூட்டையை அவிழ்த்து, வேறு நிறத்தில் குத்தினாள். இருபத்தாறு வருஷத்து மிச்சத் துண்டுகள் அதில் இருந்தன. இது அக்கா மகள் முதல் நாள் பள்ளிக்குப் போட்ட பாவாடை, இது பெரியப்பா வீட்டு மருமகனின் சட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் வம்சாவளி இருந்தது. விரல் வலித்தது, இல்லாமல் இல்லை. இரண்டு இஞ்ச் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தி மடிப்பது லேசில்லை. ஆனால் ஊசியும் நூலும் கத்தரியும் இல்லாமல் துணி தன் கையில் ஒரு வடிவத்துக்கு வந்ததே என்று அவளுக்கு இருந்தது.

அதை ஜன்னலில் தொங்கவிட்டாள். மறு வாரம் பிரசவ ஆஸ்பத்திரி மேட்ரன் வந்தார். அந்த அம்மாளுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கவுன் தைத்தவள் இவள்தான். கை விஷயம் தெரியாமல், புதுத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்படிப் பார்த்ததில்தான் உருண்டை கண்ணில் பட்டது.

பிரசவ வார்டுக்கு வெளியே ஒரு காத்திருப்புக் கூடம் உண்டு. உள்ளே இருக்கும் பெண்ணுக்காகப் புருஷனும் தாயும் மாமியாரும் மணிக்கணக்காக உட்காரும் இடம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத கூடம். இப்போது சுண்ணாம்பு உதிர்த்துப் புதுசாக வர்ணம் அடிக்கிறார்கள். அந்தக் கூடத்து நீள ஜன்னலுக்கு இந்த மாதிரி இருபத்துநாலு செய்து தர முடியுமா என்று மேட்ரன் கேட்டார். இருபது நாளில் கூடம் திறக்கிறது. உருண்டைக்கான பில்லை ஆஸ்பத்திரியே நேராகக் கட்டிவிடும். முடியும் என்று டேப்பக்கா சொல்லி முடிப்பதற்குள் அவர் விரலை உயர்த்தினார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. அங்க பிள்ளைங்க தவழும். ஒரே ஒரு குண்டூசி கீழ கெடந்தாலும் அத்தனையும் எறக்கிருவேன். உங்க முகத்துக்காகக்கூடப் பார்க்கமாட்டேன்."

அவர் போனபின் அவள் கணக்குப் பார்த்தாள். இது கைகூடினால் துணியோடு இருக்கலாம். ஊசி விழுந்தால் மறுபடியும் கை மடிக்குத்தான். இதற்கு நடுவில் வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாம் உருண்டையில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. துணி எதுவானாலும் ஊசியைப் பிடித்து வைக்கிறது உள்ளே இருப்பதுதான். இரண்டு பஸ் மாறிப் போய், கைவேலைச் சாமான் கடையில் மூன்று ரகத்தில் ஒவ்வொன்று வாங்கி வந்தாள். முதலாவது சாதாரணத் தெர்மாகோல், ஜவ்வரிசியை ஒட்டிவைத்த மாதிரி மணிமணியாகத் தெரிவது. இரண்டாவது மெத்தென்று அமுங்குகிற ஸ்பாஞ்ச். மூன்றாவது வழவழப்பான நுரை. மணியே கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் கீறினால் மாவு மாதிரி லேசாக உதிரும், அழுத்தினால் அசையாது. பஸ்ஸில் கிடைத்ததன் உள்ளே இருந்ததும் இந்த ரகம்தான்.

தெரிந்திருந்தும் அவள் சோதித்தாள். தையல்காரி, அளக்காமல் வெட்டமாட்டாள். மூன்றிலும் ஒவ்வொரு குண்டூசியைப் பக்கவாட்டில் குத்தினாள். ஒவ்வொரு ஊசியிலும் நூல் கட்டி, நூலில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டு, உருண்டைகளைச் சமையலறை அலமாரி விளிம்பில் வரிசையாக ஒட்டிவைத்தாள். கனத்துக்கு அவள் எடுத்தது தன் மூன்று கத்தரிகளை. இனிமேல் அவற்றுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது. ஸ்பாஞ்சில் குத்தியது கண்ணெதிரிலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மணித் தெர்மாகோல் மத்தியானம் வரை தாக்குப்பிடித்தது. மெக்கானிக் தண்ணீர் குடிக்க அலமாரிப் பக்கம் போன சமயம் பார்த்துக் கைவிட்டது. கத்தரி அவர் கால் பெருவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

"என்னை ஒழிக்கணும்னா நேராச் சொல்லலாமே" என்றார் அவர். அதிகம் பேசாத மனுஷன். அன்றைக்குப் பேசினது அவ்வளவுதான்.

வழவழப்பு உருண்டை மறுநாள் காலை வரை கத்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாம் நாளும் நின்றது. மூன்றாம் நாள் அவளே இறக்கினாள்.

ரகம் தெரிந்துவிட்டது, இனி அளவு. உருண்டையைக் கையில் எடுத்து டேப்பைச் சுற்றினாள். ஒன்பதரை இஞ்ச் வந்தது. கடைக்குப் போன் போட்டு, வழவழப்பு ரகத்தில் ஒன்பதரை இஞ்ச் உருண்டை இருபத்துநாலு வேண்டும் என்றாள். ஒன்பதரை என்று ஓர் அளவே வருவதில்லை, பத்து இருக்கிறது என்றார் கடைக்காரர். டேப்பக்காவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"தையலுக்கு விடற அரை இஞ்ச்னு வெச்சுக்குவோம். பத்தே குடுங்க."

கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். பத்து இஞ்ச் இருபத்துநாலா என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம், ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு என்றாள் இவள். பெரிய ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கையிருப்பு ஆறுதான், அதை முதலில் அனுப்புகிறேன், மீதி பிறகு என்று சொல்லி வைத்துவிட்டார்.

திறப்புக்குப் பதினாலு நாள் இருக்கும்போது வண்டி வந்து வாசலில் நின்றது. ஆறு உருண்டைக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி வரும் என்று இவள் மேஜையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். வண்டிக்காரர் இறக்கிய பெட்டி வாசல் கதவில் நுழையவில்லை. வாசலிலேயே வைத்துக் கிழித்தார்கள். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. ஆறு வெள்ளைப் பூசணிக்காய்.

கண்டக்டர் அப்போதுதான் வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்தாள். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"அண்ணி, ஜன்னல்ல தொங்கவிடறதுக்கா, இல்ல உள்ள ஆள் உக்காந்து போறதுக்கா?"

டேப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. டேப்பை எடுத்து ஓர் உருண்டையைச் சுற்றினாள். முப்பத்தொன்றரை. கிட்டத்தட்டத் தன் இடுப்பளவு. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கடைக்காரர் மாற்றி அனுப்பிவிட்டார் என்றே நினைத்தாள். மெக்கானிக் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். இரண்டு பக்கமும் இரண்டு பலகையை அணைத்து வைத்து நடுவில் அளந்தார். பஸ்ஸில் கிடைத்த உருண்டையையும் அப்படியே அளந்தார். அது மூன்று, இது பத்து. பிறகு மனைவி கழுத்தில் தொங்குகிற டேப்பைப் பார்த்தார். அவளும் அவர் கையில் இருக்கிற ஸ்கேலைப் பார்த்தாள். இருபது வருஷம் பேசாமல் விட்ட பேச்சு அன்றைக்குத்தான் வாசலில் வந்து நின்றது.

கடைக்குப் போன் போட்டாள். அனுப்பினது அனுப்பினதுதான், திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். மீதிப் பதினெட்டை நிறுத்திவிடலாம், சரி. மூன்று இஞ்ச் உருண்டை அந்த ரகத்தில் தீர்ந்துபோயிற்று, வர ஒரு மாதம் ஆகும். மணித் தெர்மாகோல் வேண்டுமானால் இன்றே தருகிறோம். மணித் தெர்மாகோலை அவளிடம் சொல்லலாமா. கத்தரி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க ஆறு உருண்டையும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. யாரும் அவற்றைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டார்கள். கண்டக்டர்கூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் டேப்பக்காவுக்கு அதிக பயமாக இருந்தது. நாளைக்கே போய் மேட்ரனிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். ஆஸ்பத்திரிக் காசில் தண்டம் வைத்தேன் என்று சொல்லத்தான் நாக்கு எழும்பாது.

மறுநாள் காலையில் அவள் ஒரு காரியம் செய்தாள். முடியாது என்று சொல்லப் போகிறவள் எதற்காகச் செய்தாள் என்றால், சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. பழைய செய்தித்தாளை ஆறு இஞ்ச் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து, பெரிய உருண்டையின் உச்சியில் வைத்தாள். சிறிய உருண்டையில் நாலு முக்கோணம் முனை சேர்ந்து எப்படி நின்றதோ, அப்படியே இதிலும் நாலு நின்றது. கீழே எட்டு, அதற்குக் கீழே எட்டு. எண்ணிக்கை மாறவில்லை, எல்லாம் பெருத்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த மடிப்பை மடிக்கும்போதுதான் அவள் கையைக் கவனித்தாள். கட்டைவிரல் சும்மா இருந்தது. இவ்வளவு பெரிய துண்டை மடிக்க விரல் நுனி வேண்டாம். உள்ளங்கை போதும். சப்பாத்திப் பலகையில் தேய்ப்பதுபோல ஓர் அழுத்து, மடிப்பு விழுந்துவிட்டது. சின்ன உருண்டையில் மடிப்புக்கு மடிப்பு வலித்த விரல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு உருண்டை. ஒவ்வொன்றுக்கும் ஐம்பத்தாறு முக்கோணம். பதிமூன்று நாள்.

துணிதான் கேள்வி. வெட்டுத்துண்டு மூட்டையைக் கொட்டிப் பார்த்தாள். பெரியப்பா வீட்டு மருமகனும் அக்கா மகளும் இரண்டு இஞ்ச், மூன்று இஞ்சுக்கு மேல் யாரும் தேறவில்லை. ஆறு இஞ்ச் சதுரத்துக்கு முழுத்துணி வேண்டும்.

முழுத்துணி வீட்டில் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் ஒன்பது துணி, ஒவ்வொன்றும் இரண்டரை கெஜம். இருபத்தாறு வருஷத்தில் கடைக்கு வந்த துணிகளில் மனசை இழுத்ததைத் தனக்கென்று வாங்கி வாங்கி வைத்தது. கரு நீலம், பச்சைப்பயறு நிறம், மண் சிவப்பில் வெள்ளைப் புள்ளி, இப்படி ஒன்பது. ஊருக்கெல்லாம் தைத்தவளுக்குத் தனக்குத் தைத்துக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கவில்லை. கை போனபிறகு, கை சரியானதும் இதைத்தான் முதலில் தைப்பேன் என்றாள். அவள் "கை சரியானதும்" என்று சொன்னால் அதற்கு அர்த்தம் அந்தப் பெட்டிதான்.

மெக்கானிக் குனிந்து பெட்டியை வெளியே இழுத்து வைத்தார். திறக்கவில்லை. இழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"வேற துணி வேணும்னு சொன்னா வாங்கித் தந்திருவேன். ஆனா இதைவிட நல்ல துணி நான் எங்கயும் பாத்ததில்ல."

அவள் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்தது கரு நீலம். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரியாகாதுங்க, இல்ல?"

"ஆகாதும்மா" என்றார் அவர்.

அந்த வீட்டில் அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் தலையாட்டினாள். கத்தரி வைக்கக்கூடாதென்று டாக்டர் சொன்னாரே தவிர, கிழிக்கக்கூடாதென்று சொல்லவில்லை. பருத்தித் துணியை நூலோட்டம் பார்த்துக் கிழித்தால் ஸ்கேல் வைத்து வெட்டினதைவிட நேராக வரும், அது தையல்காரர்களுக்குத் தெரியும். ஓரத்தில் பல்லால் ஒரு கடி. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இரண்டரை கெஜத் துணி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சத்தமாகப் போயிற்று. முன் அறையில் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் ஓடிவந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, கிழித்த பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் உருண்டை மூன்று நாளில் முடிந்தது. மடிப்பு கனமாக இருந்ததால் நீளக் குண்டூசி வேண்டியிருந்தது. வெள்ளை மணித்தலை ஊசியாகப் பார்த்து வாங்கினார்கள். ஊசியைத் தள்ளத்தான் கட்டைவிரல் கேட்டது. மெக்கானிக் தன் பழைய தோல் கையுறையின் உள்ளங்கைப் பகுதியை அறுத்து, இரட்டையாக ஒட்டி, இரண்டு வார் வைத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் தள்ளினால் ஊசி 'கிர்ச்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே போய் நிற்கும். அந்தச் சத்தம் வராத ஊசியை அவள் பிடுங்கி வேறு இடத்தில் குத்துவாள். வாங்கும்போதே இருந்த ஒட்டுக்கோடு உருண்டையின் நடுவில் ஓடியது. அதன் மேலேயே ரிப்பனைச் சுற்றினாள். சுற்றளவு சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் அதை எடுத்துக்கொண்டு நாத்தனாரின் பஸ்ஸில் ஏறினாள். கூட்டமில்லாத நேரம். மடியில் கொள்ளாததால் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். கண்டக்டர் வந்து இரண்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணு, இன்னொண்ணு யாருக்கு?"

"சீட்டுல உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு. தூக்கி மடியில வெச்சா அரை டிக்கெட்."

முன் சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இது என்ன, எங்கே விற்கிறது என்று ஒரு அம்மாள் கேட்டாள். எங்க அண்ணி செய்றது, எங்கயும் விக்கலை என்று கண்டக்டர் கொஞ்சம் மிதப்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். டேப்பக்கா இரண்டு டிக்கெட்டையும் பர்ஸில் பத்திரப்படுத்தினாள்.

மேட்ரனிடம் மறைக்கவில்லை. சுற்றி அளந்தது, பத்து கேட்டது, பூசணிக்காய் வந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இருபத்துநாலு கிடையாது, ஆறுதான் என்பதையும் சொன்னாள். மேட்ரன் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். பிறகு கூடத்துக்குக் கூட்டிப்போனார். டேப்பக்கா அப்போதுதான் அந்த ஜன்னலைப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கி உத்தரம் வரை போகிற ஜன்னல். அதில் ஆரஞ்சு அளவு இருபத்துநாலைத் தொங்கவிட்டிருந்தால் எலுமிச்சம்பழம் காய வைத்த மாதிரி இருந்திருக்கும். மேட்ரனுக்கும் அது தெரிந்தது, ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"அழகு அப்புறம். ஊசி நிக்குதா பாப்போம். திறக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நாள் இது இங்க தொங்கட்டும். ஃபேன் ஓடட்டும்."

மெக்கானிக் ஒரு வேலை செய்தார். பழைய மோட்டாரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டிக் கொடுத்தனுப்பினார். கூடம் பெருக்குகிற அக்காவிடம் அது போய்ச் சேர்ந்தது. அந்த அக்கா தரையில் ஒரு முடி கிடந்தாலும் பரம்பரையைத் திட்டுகிறவள். தினமும் பெருக்கி முடித்தபின் காந்தத்தைத் தரையெங்கும் ஓட்டி, ஒட்டினதை ஒரு டப்பாவில் போட்டு மேட்ரன் மேஜையில் வைப்பாள். வீட்டில் மற்ற ஐந்து உருண்டையும் வளர்ந்துகொண்டிருந்தன. கண்டக்டர் கிழித்தாள், டேப்பக்கா மடித்தாள், குத்தினாள். தினமும் சாயங்காலம் டப்பாவில் என்ன கிடந்தது என்ற செய்தி பஸ்ஸில் வந்து சேரும். முதல் நாள் இரண்டு ஹேர்பின். இரண்டாம் நாள் பெயிண்ட்காரர் விட்டுப்போன ஆணி. மூன்றாம் நாள் ஒரு சட்டைக் கொக்கி.

நாலாம் நாள் செய்தி வரவில்லை. மேட்ரன் உடனே வரச்சொன்னார் என்று மட்டும் கண்டக்டர் சொன்னாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. டேப்பக்கா கையில் மாட்டின தோலைக் கழற்றக்கூட மறந்து போனாள்.

மேட்ரன் மேஜையில் டப்பா திறந்திருந்தது. உள்ளே ஒரு குண்டூசி.

டேப்பக்கா அதை எடுக்கவில்லை. வீட்டில் முடிந்த இரண்டு உருண்டையும், மூன்றாவதில் பாதியும், ஒன்பது துணியில் மிச்சமிருந்த ஒன்றும் கண்முன் வந்தன. பெருக்குகிற அக்காதான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். டப்பாவுக்குள் விரலைவிட்டு ஊசியை எடுத்து, இருவர் முகத்துக்கும் நேராகப் பிடித்தாள்.

"நானும் காலைலேந்து சொல்லிட்டிருக்கேன், யாரும் காது குடுக்கலை. இவங்க ஊசிக்கு உருண்டைத் தலை, வெள்ளைத் தலை. இது மொட்டைத் தலை. ஆபீஸ் நோட்டீஸ் போர்டு ஊசி. அவங்க ஊசில நாலு நாளா ஒண்ணு விழுந்திருந்தா நான் கூப்பாடு போட்டிருக்கமாட்டேனா?"

மேட்ரன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் நோட்டீஸ் போர்டைப் பார்த்தார். லீவு அறிவிப்பு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, போர்டைக் கூடத்திலிருந்து முதலில் கழற்றச் சொல்ல வேண்டும் என்றார். டேப்பக்காவைப் பார்த்து உட்காரச் சொன்னார். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கூடம் சொன்ன நாளில் திறந்தது. ஆறும் ஜன்னலில் உயரமும் தாழ்வுமாகத் தொங்கின. நிலைகொள்ளாமல் கூடத்தில் அலைந்துகொண்டிருந்த ஒரு புருஷன்காரன், கரு நீல உருண்டைக்குக் கீழே நின்று முக்கோணங்களை எண்ண ஆரம்பித்தான். இருபத்தேழு வரை எண்ணும்போது உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. மிச்சத்தை அவன் எண்ணவில்லை.

ஒன்பது துணியில் ஒன்று மிச்சம், அந்தப் பச்சைப்பயறு நிறம். டேப்பக்கா அதைப் பழைய தையல் அறைக்குக் கொண்டுபோய்த் தனக்குத் தைக்கக் கொடுத்தாள். தன் பழைய மெஷினில் இப்போது உட்காருகிற பெண் டேப்பை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றியபோது கூச்சமாக இருந்தது என்று வீட்டில் வந்து சொன்னாள். எவ்வளவு வந்தது என்று கண்டக்டர் கேட்டாள். முப்பத்தொன்றரை என்றாள். "அப்ப நீங்களும் பத்து இஞ்ச் உருண்டைதான் அண்ணி" என்றாள் நாத்தனார். அன்றைக்கு டேப்பக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

மாதம் ஒன்று கழிந்து மேட்ரன் மாடிக் கூடத்துக்கு இன்னும் ஆறு கேட்டார். டேப்பக்கா கடைக்குப் போன் போட்டாள். மெக்கானிக் எதிரில் உட்கார்ந்து, ஸ்கேலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், குறுக்கே, குறுக்கே என்று வாயசைத்தார். அவள் அவரைப் பார்த்தாள். கழுத்து டேப்பை ஒரு தரம் சரிசெய்துகொண்டாள்.

"அதே வழவழப்பு ரகம், ஆறு வேணும். சுத்தளவு முப்பத்தொண்ணரை" என்றாள் போனில். "குறுக்களவு எவ்வளவுன்னு நீங்க பாத்துக்கங்க."